கணக்கிற் சிக்கனமும் உண்மையும்

உலகத்தை அளக்கப் புகுந்த மனிதன், இற்றை நாளில், அளந்தவற்றைக் கணக்கிட்டு முடிக்கமாட்டாது திகைத்து நிற்கின்றான். முற்காலத்தில் அளவு கிடைப்பதே அரிது. ஓர் ஊரின் மழையை அறிய வேண்டின் ஆங்கு ஒரு மழைமானியும், அதனை நாடோறும் காலையிற் பார்த்துக் குறிக்க ஓர் ஆளும் வேண்டும். இக்காலத்திலோ வானிற் சுற்றும் செயற்கைக்கோள்கள் நிலத்தின் வெப்பத்தையும், கடலின் நிறத்தையும், காற்றிற் கலந்த வாயுக்களையும் ஓயாது அளந்து அனுப்பிய வண்ணம் இருக்கின்றன. கரியமில வாயுவை அளப்பதற்கென்றே அமெரிக்கர் 2014-ஆம் ஆண்டில் ஏவிய ஓசிஓ-2 என்னும் கோள், ஒரு நாளில் ஏறத்தாழப் பத்து லட்சம் அளவுகளை எடுக்கும் ஆற்றலுடையது. மேகம் மறைத்தவற்றைத் தள்ளிய பின்னும் எஞ்சுவன பல்லாயிரம். வறட்சியால் வாடிய ஊரில் வெள்ளம் புகுந்தாற்போன்றது இந்நிலை. நீர் நிரம்ப வந்துவிட்டது. ஏரியும் மதகும் இல்லையேல் அந்நீராற் பயிர் விளைவதில்லை.

இவ்வெள்ளத்தைக் கணக்கிற்குள் அடக்குதற்கு அறிஞர் கண்ட சிக்கன வழிகள் யாவை? அவை உண்மைக்கு ஊறு செய்வனவோ? இவ்விரு வினாக்களைப் பற்றியும் யான் கொண்ட கருத்தை இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன். தமிழ் பயில்வோன் இத்துறையிற் புகுதல் பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து மாந்தர் வாழ்வை ஆராய்ந்த இலக்கணத்தைக் கற்போனுக்கு, நிலத்திற்கு நிலம் பொருள்கள் வேறுபடும் திறத்தை எண்ணாற் கூறும் ஒரு கலை அயலாகாது என்பதே என் விடை.

முதற்கண் இக்கலை இன்னதென்பதைக் கூறுதல் வேண்டும். பொதுவகைப் புள்ளியியலில், ஓர் அளவு மற்றோர் அளவைச் சாராதது எனக் கொள்வது வழக்கம். தேர்வு மண்டபத்தில் ஒருவன் பெறும் மதிப்பெண் அடுத்த இருக்கையில் இருப்பவன் பெறும் மதிப்பெண்ணைச் சார்ந்ததன்று. சார்ந்திருப்பின் அதற்குக் கண்காணிப்பாளரே விடை கூறவேண்டும்! நிலத்தில் எடுக்கும் அளவுகளோ இவ்வாறு தனித்து நில்லா. ஓர் ஊரில் மழை பெய்தால் இரண்டு கல் தொலைவிலுள்ள ஊரிலும் பெய்திருக்கும் என எதிர்பார்க்கின்றோம். இருநூறு கல் தொலைவிலுள்ள ஊரைப்பற்றி அவ்வாறு துணிந்து கூறோம். அண்மையில் உள்ளவை ஒத்திருக்கும், சேய்மை மிக மிக அவ்வொப்புமை தேயும் என்னும் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டு, அளந்த இடங்களைக் கொண்டு அளவாத இடங்களின் நிலையை மதிப்பிடும் கலையே இடஞ்சார் புள்ளியியலாகும்.

இக்கலை பிறந்த இடம் பொற்சுரங்கம். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில், சில இடங்களில் மட்டும் எடுத்த மாதிரிகளைக் கொண்டு, இன்னும் வெட்டாத பாறையிற் பொன் எத்துணை இருக்கும் என மதிப்பிடும் வழியை டேனி கிரிகே என்னும் பொறியாளர் 1951-இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிரான்சு நாட்டு ஜார்ஜ் மாதரோன் 1960-களில் அவ்வழியை முறையான கணிதமாக்கி, அதற்குக் கிரிகேயின் பெயராற் கிரிகிங் எனப் பெயரும் வழங்கினார். சோவியத்து நாட்டு லெவ் காண்டின் வானிலை ஆராய்ச்சியின் பொருட்டு இதனையொத்த வழியைத் தாமே கண்டு 1963-இல் நூலாக்கினார். சுவீடன் நாட்டுக் காட்டியல் அறிஞர் பெர்ட்டில் மத்தேர்ன், தூரம் கூடுந்தோறும் ஒப்புமை எவ்வாறு குறைகின்றது என்பதற்கு 1960-இல் தந்த வாய்பாடு இன்றும் உலகெங்கும் ஆளப்படுகின்றது. பொன்னைத் தேடியவரும், மழையைத் தேடியவரும், மரத்தை எண்ணியவரும் ஒரே முடிவிற்கு வந்து சேர்ந்தமை, அம்முடிவு இயற்கையின் இயல்பைத் தழுவியது என்பதற்கு நல்ல சான்றாகும்.

கிரிகிங் முறைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அஃது அளவாத இடத்திற்கு ஒரு மதிப்பைக் கூறுவதோடு அமையாது, அம்மதிப்பில் எத்துணைப் பிழை இருக்கக்கூடும் என்பதையும் உடன் கூறும். மானிகள் நெருங்கியுள்ள இடத்திற் பிழை சிறுத்தும், மானியில்லாத வெளியிற் பெருத்தும் காணும். தனக்குத் தெரிந்ததைச் சொல்லுவதோடு, எவ்வளவு தெரியும் என்பதையும் சொல்லும் இப்பண்பு அறிவுடையார் பலரிடத்தும் காண்டற்கரியது. இப்பண்பை உயிராகக் கொண்டே பின்வரும் வாதம் முழுவதும் செல்கின்றமையின், இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

இனி இடர்ப்பாட்டிற்கு வருவோம். ஆயிரம் இடங்களில் அளவெடுத்தோமாயின், ஒவ்வோர் இடமும் மற்றெல்லா இடங்களோடும் கொண்ட தொடர்பைக் குறித்தற்கு ஆயிரம் நிரையும் ஆயிரம் நிரலும் கொண்ட ஓர் அணி வேண்டும். அதிற் பத்து லட்சம் எண்கள் அடங்கும். இதனை உடன்மாறுபாட்டு அணி என்பர். மதிப்பீடு செய்வதற்கு இவ்வணியைக் கணிதமுறையாற் பகுத்துத் தீர்வு காணவேண்டும். அதற்கு வேண்டிய பெருக்கல்கள், இடங்களின் தொகையின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தொகை இரட்டித்தால் உழைப்பு எட்டு மடங்காகும். பத்து மடங்கானால் உழைப்பு ஆயிரம் மடங்காகும். இதுவே இத்துறையினரை வருத்தும் பெருஞ்சுமை.

ஒரு நொடிக்கு ஆயிரங்கோடிப் பெருக்கல்களைச் செய்யவல்ல கணிப்பொறி ஒன்று நம்மிடம் உள்ளதாகக் கொள்வோம். ஆயிரம் இடங்களுக்குரிய கணக்கை அஃது இமைப்பொழுதில் முடித்துவிடும். இடங்கள் ஒரு லட்சமாயின் அணியில் ஆயிரங்கோடி எண்கள் இருக்கும்; அவற்றைச் சேமித்து வைப்பதற்கே 80 கிகாபைட்டு நினைவகம் வேண்டும். கணக்கு முடிய ஒன்பது மணி நேரத்திற்குமேல் ஆகும். இடங்கள் பத்து லட்சமாயின் ஓராண்டிற்கு மேலாகும். அன்றியும், ஒப்புமை எத்துணைத் தூரத்திற்கு நீள்கின்றது என்பது முன்கூட்டித் தெரியாதாகலின், வெவ்வேறு தூரங்களை வைத்து இக்கணக்கை நூறுமுறையேனும் திரும்பச் செய்து பொருத்தமானதைத் தேர்தல் வேண்டும். எனவே ஒரு லட்சம் இடங்களுக்கு ஏறத்தாழ 38 நாளும், பத்து லட்சத்திற்கு ஒரு நூற்றாண்டும் ஆகும் என்பது பெறப்படும். ஒரு நாளில் எடுத்த அளவுகளுக்கு நூறாண்டு கழித்து விடை பெறுவதாற் பயன் யாது? பேரன்மார் அவ்விடையைப் படித்து வியக்கலாம். பயிர் வாடிய உழவனுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

இதற்குப் பலர் கூறும் மறுமொழி, இன்னும் பெரிய பொறியை வாங்குக என்பதே. இம்மறுமொழி கேட்பதற்கு எளிது. கணக்கிட்டுப் பார்ப்பின் நில்லாது. எட்டு மடங்கு வேகமுடைய பொறியை எட்டு மடங்கு பொருள் கொடுத்து வாங்கினும், அஃது இரு மடங்கு இடங்களையே தாங்கும். ஆயிரம் மடங்கு வேகமுடையது வாய்ப்பினும் பத்து மடங்கிற்குமேற் செல்லாது. இதற்கிடையில் வானத்துக் கோள்கள் அனுப்பும் அளவுகளோ ஆண்டுதோறும் பெருகுகின்றன. மேலும் பெரும்பொறி ஒன்றை நிறுவுதல் செல்வ நாடுகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்குமே இயலும்; அதனை ஓட்டும் மின்சாரத்தின் செலவும் சிறிதன்று. ஆகவே வழியை மாற்றாது வண்டியை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே செல்லுதல் அறிவுடைமை ஆகாது.

வழியை மாற்றினோர் செய்தவற்றை நான்காக வகுத்துக் கூறலாம். முதலாவது, மிகத் தொலைவிலுள்ள இடங்களுக்கிடையேயுள்ள சிறு தொடர்புகளைச் சுழியாக்கிவிடுதல். பெரும்பான்மையும் சுழியாகிய அணியைச் சேமிக்க இடமும் குறைவு, பெருக்க நேரமும் குறைவு. பரர், ஜென்டன், நிக்கா என்னும் மூவர் 2006-இல் இதனை விளக்கினர்.

இரண்டாவது, நிலப்பரப்பு முழுவதிலும் காணும் ஏற்றத்தாழ்வைச் சில நூறு அடிப்படை வடிவங்களின் கலவையாகக் கொள்ளுதல். நோயல் கிரெஸ்ஸியும் யோஹானசனும் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 1988-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று செயற்கைக்கோள் எடுத்த 1,73,405 ஓசோன் அளவுகளை இவ்வழியாற் கணக்கிட்டனர். இங்கு உழைப்பு இடங்களின் தொகைக்கு நேராகவே வளரும், கனமாக வளராது.

மூன்றாவது, ஒவ்வோர் இடத்தையும் அதன் அண்மை அயலார் சிலரைக் கொண்டே மதிப்பிடுதல். இவ்வெண்ணத்தை வெக்கியா என்பவர் 1988-இல் வெளியிட்டார். பின்னர் 2016-இல் அபிரூப் தத்தா, சுதிப்தோ பானர்ஜி, பின்லி, கெல்ஃபாண்ட் என்போர் இதனை முழுமையான நிகழ்தகவுக் கோட்பாடாக விரித்து, அமெரிக்கக் காடுகளின் உயிர்ப்பொருள் நிறையை மதிப்பிட ஆண்டனர். நான்காவது, நிலப்பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாலாகிய வலையாக்கி, ஒவ்வொரு முடிச்சும் தன்னை அடுத்த முடிச்சுகளோடு மட்டும் நேரே தொடர்புறுமாறு அமைத்தல். மத்தேர்னின் வாய்பாடு ஒரு வகைநுண்கணிதச் சமன்பாட்டின் தீர்வே என்னும் பழைய உண்மையைக் கைக்கொண்டு, லிண்ட்கிரேன், ரூ, லிண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் 2011-இல் இதனை நிலைநாட்டினர்.

இவற்றுள் மூன்றாவது வழியைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்ந்துகொள்வர். புணரியலிற் சொற்கள் ஒன்றோடொன்று சேருங்கால் நிகழும் மாறுதல்கள் நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் பற்றியே நிகழ்கின்றன. ஒரு தொடரில் இருபது சொற்கள் இருப்பினும், இருபதாம் சொல்லின்முன் வல்லெழுத்து மிகுமோ மிகாதோ என்பதை அறியப் பத்தொன்பதாம் சொல்லை நோக்கினாற் போதும். முதற்சொல்லைக் கேட்டறிய வேண்டுவதில்லை. முதற்சொல்லுக்கும் இறுதிச் சொல்லுக்கும் பொருளால் உறவு இல்லையென்பது இதன் கருத்தன்று. உறவு உண்டு, அஃது இடைநின்ற சொற்களின் வழியாக வந்து சேர்கின்றது. நிலத்திலும் அவ்வாறே. சென்னையின் வெப்பமும் மதுரையின் வெப்பமும் தொடர்புடையனவே; எனினும் மதுரையைச் சூழ்ந்த ஊர்களின் வெப்பம் தெரிந்தபின், சென்னையின் வெப்பம் மதுரையைப்பற்றிப் புதிதாகச் சொல்வது மிகச் சிறிது. அச்சிறியதனை விடுத்தலே இச்சிக்கனத்தின் மறைபொருள்.

இதனாற் பெறும் ஆதாயத்தைக் காண்க. ஒவ்வோரிடத்திற்கும் இருபது அயலாரைக் கொள்வோமாயின், ஓரிடத்திற்கு வேண்டிய பெருக்கல்கள் மூவாயிரத்தைத் தாண்டா. பத்து லட்சம் இடங்களுக்கும் சேர்த்து முந்நூறு கோடிக்குள் அடங்கும். மேலே ஓராண்டிற்கு மேலாகும் என்று கண்ட அதே பொறியில், பெருக்கல்களுக்கு மட்டும் ஆகும் காலம் ஒரு நொடியினுங் குறைவு. அயலாரைத் தேடுதற்கும், எண்களை எடுத்து வைத்தற்கும் வேண்டிய நேரத்தைக் கூட்டினும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். ஆண்டு நிமிடமாகச் சுருங்குதல் கணிதத்தால் ஆயது, பொருட்செலவால் ஆயதன்று.

இவ்வழிகளுள் எது சிறந்தது என்னும் வழக்கைத் தீர்க்க இத்துறை அறிஞர்கள் ஒரு போட்டியை நடத்தி, அதன் முடிவை 2019-இல் வெளியிட்டனர். அது நடந்த முறை நம் மாணவர் கழகங்களுக்கும் நல்ல பாடமாகும். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் டெர்ரா என்னும் செயற்கைக்கோள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு பகுதியில் அளந்த நிலவெப்பத்தை எடுத்துக்கொண்டனர். 1,05,569 இடங்களின் அளவுகளைப் போட்டியாளர்க்குக் கொடுத்து, 42,740 இடங்களின் அளவுகளை மறைத்து வைத்தனர். ஒவ்வொரு குழுவினரும் தத்தம் முறைக்குரிய நிரலை எழுதித் தந்தனர். எல்லா நிரல்களும் ஒரே வகைப் பொறியில் ஓட்டப்பட்டன. மறைத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, முறைகளுட் பெரும்பாலன நன்றாகவே மதிப்பிட்டமை தெரியவந்தது. எடுத்துக்கொண்ட காலத்திலேதான் வேற்றுமை பெரிதாயிருந்தது. சில ஓரிரு நிமிடங்களில் முடித்தன, சில பல மணி நேரம் எடுத்துக்கொண்டன. தன் முறையே சிறந்ததெனத் தானே பறைசாற்றாது, மறைத்து வைத்த உண்மையின்முன் அனைவரும் ஒருங்கு நின்று அளக்கப்பட ஒப்புக்கொண்ட இப்பெருந்தன்மை பாராட்டற்பாலது.

இனி, இச்சிக்கனத்தை ஒப்பாதார் கூற்றையும் நேர்மையாக ஆராய்தல் வேண்டும். "உண்மைக்குத் தோராயம் ஈடாகுமோ? சில தொடர்புகளை வேண்டுமென்றே விடுத்துப் பெற்ற விடை பொய்யேயன்றோ?" என அவர் வினவுவர். இவ்வினா அறத்தின்பாற் பற்றுடையார் வினவுவதாகலின் இதனை இகழ்தல் தகாது. இதற்கு என் விடை இரு பகுதியினது.

முதலாவது, முழுக்கணக்கு எனப்படுவதும் தோராயமே. தூரம் கூடுந்தோறும் ஒப்புமை இவ்வாய்பாட்டின்படியே குறையும் எனக் கொண்டது நாமன்றி இயற்கையன்று. அக்கொள்கையிற் பிழையிருப்பின், அதனைக் கடைசிப் புள்ளிவரை துல்லியமாகக் கணக்கிடுதலால் அப்பிழை நீங்காது. கோணிய அளவுகோலை வைத்து மயிரிழை பிசகாது அளப்பதை ஒக்கும் அது. முழுக்கணக்கை முடிக்க இயலாமையின், அதன்மேற் பற்றுக் கொண்டோர் உண்மையிற் செய்வது யாது? பத்து லட்சம் அளவுகளில் சில ஆயிரத்தை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை எறிந்துவிடுகின்றனர். அன்றேல் பிழையைக் கூறாத எளிய முறை ஒன்றால் அமைகின்றனர். எல்லா அளவுகளையும் கேட்டுச் சில தொடர்புகளை விடுதல் நன்றோ, எல்லாத் தொடர்புகளையும் போற்றிப் பெரும்பாலான அளவுகளை எறிதல் நன்றோ என்பதை அறிவுடையார் எண்ணிப் பார்ப்பாராக.

இரண்டாவது, தோராயத்திற்கும் பொய்க்கும் வேற்றுமை உண்டு. விட்டது இன்னது, அதனால் வரும் பிழை இத்துணையது என வெளிப்பட உரைப்பது தோராயம். விட்டதை மறைத்து முழுமை போலக் காட்டுவது பொய். நம் வேதாகமத்தில் வரும் உக்கிராணக்காரர் உவமைகளை ஈண்டு நினைவு கூரலாம். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைத் திறமையாகக் கையாளுதல் ஒரு கடமை. அதற்குக் கணக்கொப்புவித்தல் மற்றொரு கடமை. ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டவன் உண்மையுள்ள உக்கிராணக்காரன் ஆகான். கணிப்பிற் சிக்கனம் செய்வோர்க்கும் இவ்விரு கடமைகளும் உண்டு.

இதனைக் கூறுங்கால், சிக்கன வழிகள் எல்லாம் குற்றமற்றவை என யான் சாதிக்கவில்லை. சில நூறு வடிவங்களின் கலவையாகக் கொள்ளும் இரண்டாம் வழி, பெரும்போக்கை நன்கு காட்டினும், அண்மை இடங்களுக்கிடையேயுள்ள நுண்ணிய வேறுபாடுகளை மழுக்கிவிடக்கூடும் என்பதை மைக்கேல் ஸ்டைன் 2014-இல் எடுத்துக்காட்டினார். முகத்தை அறியப் போதிய ஓவியம் மச்சத்தை அறியப் போதாது. அயலாரைக் கொள்ளும் வழியிலும் ஓர் இடர் உண்டு. அயலார் யார் என்பதே அவ்விடர்.

இவ்வினாவைக் கிறிஸ்தவ மாணவர் முன்னரே கேட்டிருப்பர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலானாக விளங்கினவன், தன் குலத்தவனும் அண்மையிற் சென்றவனுமாகிய மற்றிருவரல்லன், சமாரியனே என்பதன்றோ அவ்வுவமையின் கருத்து? தூரத்தால் அண்மையன் என்பதனால் ஒருவன் அயலானாகிவிடான். நிலநூலிலும் இஃது உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருமருங்கும் உள்ள இரண்டு ஊர்கள் வரைபடத்தில் மிக நெருங்கித் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால், மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டும். கிழக்கே மழைமறைவிலுள்ள தேனி, கோவைப் பகுதிகளிற் பெய்வது மிகக் குறைவு. தூரத்தை மட்டும் நோக்கி அயலாரைத் தேர்ந்தெடுக்கும் நிரல், கிழக்கூருக்கு மேற்கூரைச் சான்றாக அழைத்துப் பெரும்பிழை செய்யும். ஆகவே உயரம், காற்றின் திசை முதலியவற்றையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். அன்றியும், அண்மையாரோடு சேய்மையார் சிலரையும் கூட்டிக்கொள்வது நலம் பயக்கும் என்பதனை ஸ்டைனும் உடனாராய்ந்தோரும் 2004-இலேயே காட்டியுள்ளனர். நிலத்தை அறியாத கணிதன் வேகமாகத் தவறுவான் என்பதே இதனாற் பெறும் படிப்பினை.

இவையெல்லாம் பண்டிதர் தம்முள் வாதிடும் செய்திகள், இவற்றால் ஏழையர்க்கு யாது பயன் என எண்ணுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்று 2016-இல் மறுசீரமைக்கப்பெற்று நம் நாட்டில் நடைபெறலாயிற்று. இத்தகைய காப்பீட்டில், உழவனுடைய வயலை எவரும் நேரிற் சென்று பார்ப்பதில்லை. அவ்வட்டாரத்துக்கென வகுத்த வானிலை நிலையத்தின் மானி காட்டும் மழையளவே இழப்பீட்டைத் தீர்மானிக்கும். மானியிருக்குமிடத்தில் மழை பெய்து, எட்டுக் கல் தொலைவிலுள்ள வயலிற் பெய்யாதொழியின், பயிர் கருகிய உழவன் இழப்பீடு பெறான். அவனுடைய வயலில் என்ன பெய்திருக்கும் என்பதையும், அம்மதிப்பை எத்துணை நம்பலாம் என்பதையும் கூறவல்லதோ இக்கலை. ஓர் எண்ணை மட்டும் கூறி அதன் பிழையைக் கூறாதொழிதல், இங்கே கணிதக் குறைபாடாக நில்லாது ஒரு குடும்பத்தின் பட்டினியாக முடியும்.

மானிகள் எத்துணை அரியன என்பதையும் எண்ணுக. இந்திய வானிலைத் துறையினர் 1901 முதல் 2010 வரையுள்ள பதிவுகளைக் கொண்டு 2014-இல் வெளியிட்ட மழைத்தரவு, நாட்டைக் கால் பாகை அளவுள்ள கட்டங்களாகப் பிரித்துக் காட்டுவது. அதற்கு 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகள் பயன்பட்டன. அவை யாவும் ஒரே காலத்தில் இயங்கியிருப்பினும், நாட்டின் பரப்பைக் கணக்கிட, ஒரு மானிக்கு 470 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் வரும். அத்தரவு அளவற்ற உழைப்பாலாயது. நாடு அதற்குக் கடமைப்பட்டது. எனினும் அயலளவுகளைத் தூரத்திற்கேற்ப எடையிட்டுச் சேர்க்கும் எளிய முறையே அதிற் கையாளப்பட்டது. அம்முறை கிரிகிங்கைப்போல் ஒவ்வொரு மதிப்போடும் அதன் பிழையளவைத் தானே தருவதில்லை. நூறாண்டிற்கு மேற்பட்ட நாட்கள், ஆயிரக்கணக்கான இடங்கள் என்று பெருகிய தரவிற்கு முழுக்கணக்கு இயலாதாயின், சிக்கன வழிகளே பிழையளவோடு கூடிய மதிப்பைத் தரவல்லன. ஆகவே கணக்கிற் செய்யும் சிக்கனம், உண்மையை விலைகூறும் செயலாகாது, உண்மையின் ஒரு பகுதியாகிய ஐயத்தையும் நமக்கு மீட்டுத் தருவதாகும் என்பது என் துணிபு.

மற்றொரு நன்மையும் இதனுள் உண்டு. பெரும்பொறி வேண்டுவதாகிய அறிவு, பெரும்பொருள் உடையாரிடத்தே தங்கிவிடும். மேற்கூறிய முறைகள் பலவற்றிற்கும் உரிய நிரற்றொகுதிகள், ஆர் என்னும் கணிப்பு மொழியில் எழுதப்பெற்று, யாவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிடப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றை ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலுள்ள சாதாரணக் கணிப்பொறியிலும் ஓட்டலாம். தம் மாவட்டத்தின் நிலத்தடி நீரையும், தம் நகரத்தின் காற்று மாசையும் மாணவர் தாமே கணக்கிட்டு அறிய இப்பொழுது தடையில்லை. முன்னர் ஆண்டாண்டாய்ச் சேர்த்துவைத்த பதிவேடுகள் பேழையில் உறங்க, அவற்றின் பொருளை வெளிநாட்டார் வந்து கூறக் கேட்டிருந்த நிலை இனி வேண்டுவதின்று.

ஆதலின் நம் கல்லூரி மாணவரும் ஆசிரியரும் முன்னாள் மாணவரும் ஒரு முயற்சியை மேற்கொள்ளலாம் என விண்ணப்பிக்கின்றேன். கணிதம் பயில்வோர் இம்முறைகளைக் கற்று ஓட்டுக. தாவரவியலும் விலங்கியலும் பயில்வோர் நிலத்தையும் உயிரையும் அளந்து தருக. பொருளியல் பயில்வோர் அம்முடிவுகளால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என ஆராய்க. தமிழ் பயில்வோர்க்கும் பணியுண்டு. கணித முடிவை உழவனும் மீனவனும் ஊராட்சி உறுப்பினரும் படித்துணரும் தமிழில் எழுதுதல் எளிய செயலன்று. குறிப்பாக, "இத்துணை மில்லிமீட்டர் மழை" என்பதைச் சொல்லிவிடுதல் எளிது. "இதனிற் கூடியோ குறைந்தோ இவ்வளவு இருக்கக்கூடும்" என்பதை ஐயத்தைப் பெருக்காமலும் மறைக்காமலும் சொல்லுதற்கு மொழிப்புலமை வேண்டும். கிடைத்த அளவு முழுவதையும் சிக்கனமாகக் கையாண்டு, தெரிந்ததைத் தெரிந்த அளவிற் கூறி, விட்டதற்குக் கணக்கொப்புவிக்கும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்வோமாயின், நம் நிலத்தின் செய்தியை நம் நிலத்தார்க்கு உரிய காலத்தில் உரைப்பவர்களாவோம். அதற்கு இன்றே முயல்வோமாக.